துப்பாக்கி செய்த கைகள்

சென்ற மே விடுமுறையில் ஊர் சென்றிருந்தபோது, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் படைக்கலப் பகுதியில் ஒரு முற்பகலைக் கழித்தோம். தஞ்சை அரண்மனையிலிருந்து வந்து சேர்ந்த வாட்களையும் கட்டாரிகளையும் ஓடியோடிப் பார்த்த வாஷிச் சிறுவர்கள், ஆளுயரம் இருந்த ஒரு பழந்துப்பாக்கியின் முன்னே நின்றுவிட்டனர். "இதை யார் செய்தது?" என்று அவர்களுள் ஒருவன் கேட்டான். ஆண்ட அரசர்களின் பெயரை வரிசையாகச் சொல்ல நமக்குத் தெரிந்தது. அடித்த கொல்லன் பெயர் ஒன்றுகூடத் தெரியவில்லை.

கேட்டவன் கொல்லர் குடும்பத்துப் பிள்ளை என்பதுதான் வேடிக்கை. ஆகவே வாஷி திரும்பியதும் அவன் பாட்டனாரையே நாடிச் சென்றோம். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து இளமையில் இங்கு வந்து, தாணே–பேலாப்பூர்ச் சாலையில் ஒரு தொழிற்சாலையில் லேத்து இயந்திரத்தின் முன் முப்பது ஆண்டுகள் நின்று ஓய்வு பெற்றவர் அவர். நம் கேள்வியைக் கேட்டுச் சிரித்தார். செய்தித்தாளிலிருந்து நீளமாக ஒரு துண்டு கிழித்து, பேரனின் பென்சில் மீது சாய்வாகச் சுற்றினார். "இவ்வளவுதான் ஐயா குழாய். மிச்சமெல்லாம் உலையும் சம்மட்டியும்" என்றார்.

அவர் காட்டிய சூட்சுமத்தை ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டும். இரும்புத் தகட்டை நீளவாக்கில் மடித்து ஒட்டினால், ஒட்டு குழாயின் முழு நீளத்துக்கும் ஓடும். உள்ளே மருந்து வெடிக்கையில் விசை அந்த ஒட்டைத்தான் பிளக்கப் பார்க்கும். பிளந்தால் சுடுபவன் முகத்தில்தான் படும். பட்டையைக் கயிறுபோல் சுற்றிச் சிவக்கக் காய்ச்சி, விளிம்பின்மேல் விளிம்பு ஏறும்படி அடித்து இணைத்தால் ஒட்டு குறுக்காகச் சுழன்று செல்லும். எளிதில் வாய் திறவாது. அக்பரின் பட்டறைகளில் இம்முறை கையாளப்பட்டதை அபுல் பசல் 'அயினி அக்பரி'யில் விவரித்திருக்கிறார். மாடு சுற்றும் சக்கரம் ஒன்றால் ஒரே வேளையில் 16 குழாய்களின் உட்புறத்தைத் துலக்கும் பொறியும் அங்கே இருந்ததாம். இரும்பு வந்த இடம், செய்த இடம், நாள், தொழிலாளியின் பெயர் ஆகியவற்றைத் துப்பாக்கியிலேயே பொறித்தார்கள் என்றும் அந்நூல் கூறுகிறது. நம் சிறுவனின் கேள்விக்கு அந்தப் பட்டறையில் விடை இருந்திருக்கும்!

குழாய் முடிந்த பின்னும் வேலை பாதியே. வாய்வழியே மருந்தும் குண்டும் கெட்டிக்க ஒரு கழி. பக்கத்தில் சிறு துளை. துளையருகே மருந்துக் கிண்ணம். புகைந்துகொண்டிருக்கும் திரியைக் கவ்வி அக்கிண்ணத்தில் இறக்கும் வளைந்த கொக்கி. குழாயை மரக்கட்டையோடு தோல்வாராலோ பித்தளைப் பட்டையாலோ இறுகக் கட்டினர். இனி அலங்காரம். தென்னாட்டுத் துப்பாக்கிகள் பலவற்றின் முனை புலிவாயாகவோ யாளிவாயாகவோ செதுக்கப்பட்டிருக்கும். குண்டு அவ்விலங்கின் வாயிலிருந்து புறப்படும். இரும்பின்மேல் நெருக்கமாகக் குறுக்குக் கீறல்கள் இட்டு, அவற்றில் பொன் இழையை வைத்துத் தட்டிப் பதிப்பதும் உண்டு. சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் தொழிலாளர் செய்த துப்பாக்கிகளில், சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் உறுப்பே புலித்தலையாக வாய் திறந்து நிற்கும். கொல்லும் கருவிக்கு இத்தனை அழகு எதற்கு என்று கேட்கலாம். பெரியவரிடம் கேட்டோம். "அரிவாள் பிடியிலும் பூப்போடுவோமே, அது யாருக்கு?" என்று திருப்பிக் கேட்டார்.

இக்கலையை உலகறியச் செய்தவர்கள் நம்மைப்போல் ஊர் விட்டு ஊர் போனவர்களே. 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய கொல்லர்கள், தம் நாட்டின் குட்டையான வேட்டைத் துப்பாக்கியைப் புதிய காட்டுக்கு ஏற்ப நீட்டினர்; குண்டைச் சிறிதாக்கி ஈயத்தை மிச்சப்படுத்தினர். அவர்கள் தகட்டை நீளவாக்கில்தான் மடித்து ஒட்டினர். தடித்த எண்கோணக் குழாயாக்கி ஒட்டுக்குப் பலம் தந்தனர். அதன் உட்புறத்தில் சுழல்வரிகள் வெட்டினர். மரத்தண்டு ஒன்றில் வெட்டிய சுழல் வழிகாட்ட, சிறிய எஃகுப் பல் ஒன்று மீண்டும் மீண்டும் உள்ளே போய்வந்து மயிரிழை மயிரிழையாகச் சீவும். பல்லின் அடியில் ஒரு காகிதத் துண்டை வைத்து வைத்துத்தான் வெட்டின் ஆழத்தைக் கூட்டுவார்கள். அச்சுழலால் குண்டு பம்பரம்போல் சுழன்று நேரே செல்லும். பென்சில்வேனியாவில் பிறந்த இத்துப்பாக்கிக்கு 'கென்டக்கி' என்ற பெயர் நிலைத்தது. தென்னாட்டார் அனைவரும் 'மதராசி' என்றழைக்கப்பட்டதை அறிந்த நமக்கு இது வியப்பன்று. மறைந்துகொண்டிருந்த இவ்வேலையை வில்லியம்ஸ்பர்க்கில் வாலஸ் கஸ்லர் என்பவர் தொடக்கம் முதல் இறுதிவரை கையாலேயே செய்வது 1969-இல் திரைப்படமாகவும் வந்தது.

நம் நாட்டில் அப்படி மீட்க யாரும் எஞ்சவில்லை. பாளையக்காரர் போர்கள் ஓய்ந்ததும், 1801 டிசம்பர் 1-இல் சென்னை ஆளுநர் வெளியிட்ட பிரகடனம் தென்பாண்டி மக்களின் படைக்கலங்களைப் பறித்தது. தஞ்சையின் கடைசி மன்னர் 1855-இல் மறைந்தபின், அரண்மனைப் படைக்கலச் சாலை 1863-இல் கலைக்கப்பட்டது. அருங்காட்சியகத்துக்கெனப் பொறுக்கி எடுத்தவை போக, மற்றவை பழைய இரும்பாக விற்கப்பட்டதை வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி 1878-இல் எழுதிய கட்டுரையில் வருந்திக் குறிப்பிட்டார். அதே 1878-இல் படைக்கலச் சட்டமும் வந்தது. இன்றும் 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமமின்றித் துப்பாக்கி செய்வது குற்றம். அது வேண்டியதே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அரசன் போனதும் அரண்மனைக் கொல்லன் கலப்பைக்கு வந்தான், கலப்பை போனதும் அவன் பேரன் லேத்துக்கு வந்தான்.

குடகில் மட்டும் கதை வேறு. குடகர்கள் 1861 முதல் துப்பாக்கி உரிமத்திலிருந்து விலக்குப் பெற்றவர்கள். ஒன்றிய அரசு அவ்விலக்கை 2019-இல் மேலும் 10 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. செப்டம்பர்த் தொடக்கத்தில் வரும் 'கயில்போல்து' விழாவில் தம் துப்பாக்கிகளுக்கு அவர்கள் சூட்டும் மலருக்குத் 'தோக்குப் பூ', அதாவது துப்பாக்கிப் பூ, என்றே பெயர். அது வேறொன்றுமன்று, தமிழ்நாட்டின் மாநில மலரான நம் செங்காந்தள்.

இதைச் சொன்னபோது பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. அவர் முன்னோர் அரண்மனைக்குத் துப்பாக்கி செய்ததாக வீட்டில் பேச்சுண்டாம்; கண்டவர் எவருமில்லை. தந்தையார் அடித்தவை அரிவாளும் கொழுவும் வண்டிப்பட்டையும்தான். அந்தச் சம்மட்டி ஒன்று வாஷி வீட்டுப் பால்கனியில் துளசித்தொட்டிக்கு முட்டாக நிற்கிறது.

"குழாய் செய்யக் கூடாதென்றால், பட்டையை மட்டும் சுற்றிக் காட்டுங்கள் தாத்தா" என்றான் பேரன். அடுக்குமாடியில் உலை மூட்ட இயலுமா? ஊர்ப் பட்டறை பூட்டியே கிடக்கிறது. அடுத்த விடுமுறைக்கு இருவரும் போவதென்று முடிவாயிற்று. துருத்திக்குத் தோல் எங்கே கிடைக்கும் என்று பெரியவர் இப்போதே விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்.