ரசத்துக்கு மட்டுமல்ல... ரத்தப் பரிசோதனைக்கும் கொள்ளு!

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பார்கள். வீட்டில் ரசமாகவும் துவையலாகவும் மணக்கும் கொள்ளுக்கு, ரத்தப் பரிசோதனைக் கூடத்திலும் ஒரு வேலை உண்டு.

ஒட்டவைக்கும் புரதம்

பயறு வகைகளிலும் பல விதைகளிலும் 'லெக்டின்' என்ற புரதம் இருக்கிறது. ரத்தச் சிவப்பணுக்களின் மேலுறையில் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைத்தான் லெக்டின் பற்றிக்கொள்கிறது. ஒரு பக்கம் ஓர் அணுவையும் மறுபக்கம் இன்னோர் அணுவையும் அது பிடித்துக்கொள்வதால், ஸ்லைடில் விட்ட ரத்தம் திட்டுத்திட்டாகத் திரளும். 1888-ல் ஆமணக்கு விதைச் சாற்றில் இந்தக் குணத்தைப் பதிவு செய்தவர் ஹெர்மன் ஸ்டில்மார்க்.

ஏ1-ஆ, ஏ2-ஆ?

'ஏ' வகைக்கு உரிய சர்க்கரை, ஏ1 பிரிவினரின் அணுக்களில் அதிகம். ஏ2 பிரிவினருக்குக் குறைவு. சரியான அளவில் நீர்க்கவைத்த கொள்ளுச் சாறு, ஏ1 அணுக்களை மட்டும் திரட்டும். 1951-ல் பேர்ட் என்ற ஆய்வாளர் இதுபற்றி எழுதினார். ஏ2 பிரிவினரின் சிறுநீரகத்தை, தகுந்த பரிசோதனைக்குப் பின் 'பி' வகை நோயாளிகள் சிலருக்குப் பொருத்த முடியும். அதனால் இந்தச் சின்ன வித்தியாசம் பெரிய விஷயம்.

'ஓ' போலத் தெரியும் பாம்பே வகை

மும்பையில் டாக்டர் பெண்டே குழுவினர் கண்டறிந்து, 1952-ல் வெளியிட்டது 'பாம்பே' ரத்த வகை. வழக்கமான சோதனையில் இது 'ஓ' போலவே தெரியும். ஆனால், இவர்களுக்கு 'ஓ' ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. இங்கும் கைகொடுப்பது ஒரு செடிதான். ஐரோப்பாவின் 'கோர்ஸ்' முட்செடி விதையின் லெக்டின், 'ஓ' அணுக்களைத் திரட்டும். பாம்பே வகையைத் திரட்டாது.

அப்படியானால் பயறு சாப்பிடலாமா?

தாராளமாக. நன்றாக வேகவைத்தால் லெக்டின் செயலிழந்துவிடும். சிவப்பு ராஜ்மாவில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. அரைவேக்காட்டில் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிடுங்கள். குறைந்த சூட்டில் மெதுவாகச் சமைக்கும் 'ஸ்லோ குக்கர்' ராஜ்மாவுக்கு வேண்டாம். அந்தச் சூடு லெக்டினை அழிக்கப் போதாது.