கிட்டங்கியில் நின்ற கார்



நம் இதழில் வரி, விலைவாசி, கொள்முதல் பற்றி எழுதுவதே வழக்கம். இந்த முறை நான் வேறொரு கணக்கைப் பற்றி எழுதுகிறேன். சரக்கு தேங்கினால் நமக்கு உடனே தெரிந்துவிடும். பருப்பில் வண்டு விழும். வற்றலில் நிறம் மங்கும். ஆனால் மனத்தில் ஓர் ஆசை தீர்ந்து போனால் அது தெரிவதில்லை. எனக்குத் தெரிவதற்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. அதற்குள் என் பேரனையே பறிகொடுத்திருப்பேன். ஆண்டவன் புண்ணியத்தில் தப்பித்தோம்.

சிறு வயது ஆசை

விருதுநகரில் பருப்பு, வற்றல் மொத்த வியாபாரம் செய்பவன் நான். வயது 65. பள்ளிப் படிப்பு முடிந்ததும் தகப்பனாருக்குத் துணையாகக் கடையில் உட்கார்ந்தவன். நான் சிறுவனாக இருந்தபோது மதுரையிலிருந்து ஒரு தரகர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் எங்கள் தெருவுக்கு வருவார். மாட்டு வண்டியும் கைவண்டியும் அடைத்து நிற்கும் தெரு அது. வேறு கார் வந்தால் முன்னும் பின்னுமாக நாலு தடவை எடுத்துத்தான் திருப்ப முடியும். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் ஒரே வீச்சில் திரும்பிவிடும். அதைப் பார்ப்பதற்காகவே கடை வாசலில் போய் நிற்பேன். அப்போது எங்கள் வீட்டில் இருந்தது ஒரு சைக்கிள்தான்.

இளைய தலைமுறைக்கு இந்தக் காரைப் பற்றித் தெரிந்திருக்காது. 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார் இது. இத்தாலியைச் சேர்ந்த மிக்கெலோட்டி என்பவர் இதன் உருவத்தை வரைந்தார். 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இதை நம் நாட்டில் தயாரித்தது. முதலில் இரண்டு கதவு, பிறகு நான்கு கதவு. எஞ்சின் 948 சி.சி. பம்பாயில் ஃபியட், கல்கத்தா பக்கம் அம்பாசடர் என்றிருந்த காலத்தில், நம் மாகாணத்துக் கார் என்று சொல்லிக்கொள்ள இது ஒன்றுதான் இருந்தது. 1972-இல் இதையே கொஞ்சம் மாற்றி கெஸல் என்று விட்டார்கள். 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்தார்கள். அது எடுபடவில்லை. 1988-இல் கார் உற்பத்தியே நின்றுபோனது.

1994-இல், என் 34-ஆவது வயதில், மதுரையில் ஓய்வு பெற்ற ஒரு டாக்டரிடமிருந்து 1967-ஆம் வருடத்து ஹெரால்டை ரூ. 28,000 கொடுத்து வாங்கினேன். என் தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை. "பேரேட்டுல எந்தத் தலைப்புல எழுதப் போற?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் ஊரில் பழைய கார் வேலை தெரிந்த ஒரு மெக்கானிக் இருந்தார். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவருடைய ஷெட்டுக்குப் போனால் மதியம்தான் வீடு திரும்புவேன். ஹெரால்டில் முன்பக்கம் மொத்தமும் முன்னால் கவிழ்ந்து திறந்துகொள்ளும். டயர் மேல் உட்கார்ந்தே எஞ்சின் வேலை பார்க்கலாம். பாய் ஒரு டயர் மேல் உட்காருவார், நான் மறு டயர் மேல். அவர் கேட்கும் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. வாரம் ஆறு நாள் நூறு பேரை வேலை வாங்குகிறவனுக்கு ஒரு நாள் எடுபிடியாக இருப்பது எவ்வளவு சுகம் என்பது அனுபவித்தால்தான் தெரியும்.

சாமான் தேடி சென்னை புதுப்பேட்டைக்கு எத்தனை முறை போனேன் என்று கணக்கில்லை. ஒரு கதவுக் கைப்பிடிக்காக இரண்டு வருடம் அலைந்தேன். அது கிடைத்த அன்று, துவரை விலை ஏறியபோது கூட வராத சந்தோஷம் வந்தது.

பாய் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் இடத்தில் அடியில் ட்ரன்னியன் என்று ஒரு வெண்கலத் துண்டு உண்டு. சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டு அதற்குள் மரை போட்டு இறங்கியிருக்கும். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரை சுற்றும். அதற்கு கிரீஸ் ஆகாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். "அண்ணாச்சி, இந்த வண்டிக்கு உயிர்நாடி இதுதான். இது காஞ்சா தண்டு முறிஞ்சிரும். சக்கரம் படுத்துரும்" என்பார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவரே எண்ணெய் விடுவார்.

ஆர்வம் குறைந்த விதம்

2007 ஜனவரியில் தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி வந்தது. புதுக் கணக்கு முறை பழக ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அதற்கு முன்பே வண்டியின் வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது. பெயின்ட், சீட்டு உறை, கைப்பிடி எல்லாம் சரியாகிவிட்டன. 2008-இல் ஒரு நாள் பாயின் ஷெட்டுக்குப் போகாமல் வீட்டிலேயே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். மனத்தில் ஒரு குறையும் தோன்றவில்லை. அப்போது எனக்கு வயது 48. அன்றோடு ஆசை முடிந்தது என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்கு, "வேலை அதிகம், அடுத்த வாரம் போவோம்" என்று நினைத்துக்கொண்டேன்.

2010-இல் பாய் காலமானார். அதன் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு காரணம் சொன்னேன். சாமான் கிடைக்கவில்லை என்றேன். கிளட்ச் மிதித்தால் முட்டி வலிக்கிறது என்றேன். பெட்ரோல் சரியில்லை என்றேன். எதுவும் பொய்யில்லை. ஆனால் ஆசை இருந்த காலத்தில் இதைவிடப் பெரிய இடைஞ்சல்கள் இருந்தன. அப்போது அவை கண்ணில் படவில்லை.

2012-இல் பாயின் மகன் கடைக்கு வந்தான். தகப்பன் தொழிலையே செய்கிற பையன். "அண்ணாச்சி, வண்டி சும்மாதான நிக்குது. எனக்குக் குடுங்க. தவணையில தந்திருதேன்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. "விக்கிற வண்டி இல்ல தம்பி" என்று அனுப்பிவிட்டேன். அன்று இரவு என் வீட்டுக்காரி சொன்னாள்: "உங்களுக்கு அது மேல ஆசை இல்லங்க. ரோசம்தான் இருக்கு." நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வண்டி கிட்டங்கியின் ஓரத்தில் துணி போர்த்தி நின்றது. அந்த இடத்தில் 200 மூட்டை பருப்பு அடுக்கலாம். அறுவடைக் காலத்தில் நான் வெளியே வாடகைக்குக் கிட்டங்கி பிடித்தேனே தவிர அந்தக் காரை நகர்த்தவில்லை. வருடத்துக்கு ஒரு முறை, ஆயுத பூஜைக்கு வெளியே எடுப்பேன். கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, ஒரு சுற்று ஓட்டுவேன். பார்க்கிறவர்கள் பாராட்டுவார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

2022 ஆயுத பூஜை

அந்த வருடம் ஆறு வயதுப் பேரனை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரி பின்னால். நான்கு வழிச் சாலைக்குப் போய் பெட்ரோல் போட்டுக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே வந்து, ஊருக்குள் நுழைந்தோம். கோவில் தெருவில் திரும்புவதற்காக ஸ்டீயரிங்கை ஒடித்தபோது அடியில் மடக்கென்று ஒரு சத்தம். இடது முன்சக்கரம் உள்ளே மடங்கி, காரின் மூக்கு தரையில் இடித்து நின்றது. வேகம் பத்து கிலோமீட்டர் கூட இருக்காது. பேரன் நெற்றியில் லேசான வீக்கம். அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்கு முன்னால் இது நடந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

பாயின் மகன் வந்து வண்டியைத் தூக்கிப் பார்த்தான். முறிந்த தண்டைக் கையில் கொடுத்தான். மரை துருப்பிடித்து மணலைப் போல் உதிர்ந்தது. "அத்தா போன பெறகு இதுல யாரும் எண்ணெய் விடல போலிருக்கு அண்ணாச்சி" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டு ஆயுத பூஜைக்கு மாலை போட்டவன் நான். ஒரு கரண்டி எண்ணெய் விடவில்லை.

ஒரு மாதம் கழித்து நானே அவன் ஷெட்டுக்குப் போனேன். "தம்பி, இன்னும் ஆசை இருக்கா?" என்று கேட்டேன். சிரித்தான். சும்மா கொடுக்கிறேன் என்றதற்கு ஒப்பவில்லை. "அத்தாவுக்குப் பிடிக்காது" என்றான். ரூ. 40,000, பத்துத் தவணை என்று பேசி முடித்தோம். 2012-இல் கொடுத்திருந்தால் ஓடுகிற வண்டியாகக் கொடுத்திருப்பேன். பத்து வருடம் கழித்துத் துருவாகக் கொடுத்தேன். இந்தக் கணக்கில் எனக்கு ஏற்பட்ட உண்மையான நஷ்டம் அதுதான்.

கணக்கை மூடுவது

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். சிறு வயது ஆசை என்பது பழைய பாக்கி மாதிரி. கடை வாசலில் நின்ற சிறுவனுக்கு வர வேண்டிய பாக்கி அந்தக் கார். பதினான்கு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் அது வட்டியும் முதலுமாக வசூலாகிவிட்டது. பாக்கி தீர்ந்த பக்கத்தைக் கோடு போட்டு மூடுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நான் தோற்றுப்போனதாக நினைத்துக்கொண்டு மூடாமல் வைத்திருந்தேன். விட்டது தவறு அல்ல, விட்டதை மறைத்ததுதான் தவறு.

தகப்பனார் காலத்து அம்பாசடரோ ஃபியட்டோ நம்மில் பலர் வீட்டில் நிற்கிறது. அவர்களுக்குச் சில யோசனைகள்:

1. ஓட்டாத வண்டியில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள். 2000-ஆம் ஆண்டு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. பழைய எஞ்சின்களில் வால்வு உட்காரும் இடம் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், டாங்க் துருப்பிடிக்கும். பழைய ரப்பர் குழாயும் பெட்ரோல் பம்பின் ரப்பர்த் தகடும் கெடும். அவற்றை எத்தனாலைத் தாங்கும் ரகத்தில் மாற்ற வேண்டும்.

2. பதிவுச் சான்றைப் பாருங்கள். 15 ஆண்டு கடந்த சொந்தக் காருக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ரூ. 600-ஆக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் ரூ. 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு ரூ. 10,000 ஆக்கினார்கள்.

3. 50 ஆண்டு கடந்து, அசல் நிலையில் உள்ள வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு ரூ. 20,000, பத்து ஆண்டு செல்லும். ஆனால் கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, பழுது பார்ப்பது, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினசரி உபயோகத்துக்கு ஆகாது.

4. வண்டியைக் கொடுத்தால் 29, 30-ஆம் நம்பர் படிவங்களில் கையெழுத்திட்டு உடனே பெயர் மாற்றுங்கள். "பழகிய பையன்தானே" என்று விடாதீர்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

5. அதிக விலை தருகிறவருக்கு என்பதைவிட, ஆசை உள்ளவருக்குக் கொடுங்கள். அதையும் வண்டி ஓடும் நிலையில் இருக்கும்போதே கொடுங்கள்.

போன மாதம் பாயின் மகன் கடை வாசலில் ஹார்ன் அடித்தான். ஹெரால்டு ஒரே வீச்சில் தெருவில் திரும்பி நின்றது. "ஓட்டிப் பாருங்க அண்ணாச்சி" என்றான். கல்லாவில் ஆள் இல்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையிலேயே எனக்கு ஓட்டத் தோன்றவில்லை. ஆனால் பேரன் ஓடிப் போய்ப் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டான். "தம்பி, ட்ரன்னியனுக்கு எண்ணெய் விட்டியா?" என்று மட்டும் கேட்டேன். "ஞாயித்துக்கிழமைதான் விட்டேன் அண்ணாச்சி" என்றான். சரி, போய் வாருங்கள் என்று அனுப்பினேன்.

உங்கள் கிட்டங்கியிலும் துணி போர்த்திய வண்டி ஏதாவது நின்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை துணியை விலக்கிப் பாருங்கள். ஆசை இருந்தால் எண்ணெய் விடுங்கள். இல்லாவிட்டால் ஆசை உள்ளவர் வீட்டு முகவரியைக் கேட்டு வையுங்கள்.