திமிலை வெட்டிய படம்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் வழியாக மதுரைக்குச் செல்லும் இருப்புப்பாதை, தை மாதத்தில் நம்மவர்க்கு ஊர்ப்பாதையாகிவிடும். சித்தூர், கொழிஞ்சாம்பாறைக் குடும்பங்கள் அவ்வழியும், மூணாறு, பீர்மேட்டுத் தோட்டக் குடும்பங்கள் போடி, கம்பம் சாலை வழியும் ஏறு தழுவுதல் காணப் புறப்படுவதுண்டு. இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் நாமும், விடுப்புக் கிடைத்தால் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு உடன் கிளம்பிவிடுகிறோம்.

2024 தையில் அலங்காநல்லூரில் ஒரு படம் எடுத்தோம். நம் பகுதி இளைஞர் ஒருவர், வாடிவாசலை விட்டுப் பாய்ந்த காளையின் திமிலை இடக்கையால் வளைத்துத் தொங்குகிறார். வலக்கை காற்றில் வீசியிருக்கிறது. தொலைவிலுள்ளதை அருகே காட்டும் லென்ஸுக்கு ஒரு குணமுண்டு. முன்னதையும் பின்னதையும் ஒட்டவைத்தாற்போல் காட்டும். அதனால் வலக்கை கொம்பைத் தொடுவதுபோல் தோன்றியது. ஆயினும் முழுப் படத்தைப் பார்த்தவர்க்கு ஐயம் எழாது.

நண்பர்களுக்கு அனுப்பிய அப்படம், சில மாதங்கள் கழித்து ஒரு நாட்காட்டியில் வந்தது. நம்மை எவரும் கேட்கவில்லை, பெயரும் இடவில்லை. அது போகட்டும். தாளின் அளவுக்காகத் திமிலையும் இடக்கையையும் வெட்டியெறிந்திருந்தார்கள்! எஞ்சியவை கொம்பும் ஒரு கையும். திமிலைத் தழுவலாமேயன்றிக் கொம்பையோ வாலையோ பிடித்தல் விதிக்குப் புறம்பு. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் இவ்விளையாட்டைத் தடுத்ததும், 2017-இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியதும், 2023 மே 18-இல் நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றதும் நேயர்கள் அறிந்தவையே. காளைக்குக் கொடுமை நேர்கிறதா என்பதே அவ்வழக்கின் உயிர். அங்ஙனமிருக்க, விதிப்படி நின்ற வீரரைக் கொம்பு பிடித்தவராகக் காட்டுவது சிறு பிழையோ? "என் பிள்ளை அப்படிச் செய்வானா, தம்பி?" என்று அவர் தாயார் கேட்டபோது நாம் தலைகுனிந்தோம்.

அமெரிக்க ரோடியோவில் காளைமேல் 8 வினாடி அமர்பவர் ஒரு கையாலேயே கயிற்றைப் பற்றவேண்டும். மறுகை காளையைத் தொட்டால் மதிப்பெண் இல்லை. அங்கும் அந்த மறுகையை வெட்டிய படம் கதையையே வெட்டிய படமாகும். புழுதியில் மங்கிய ஒளியைக் கூட்டலாம். சாய்ந்த படத்தை நிமிர்த்தலாம். ஆளை நீக்குவதும் கயிற்றை அழிப்பதும் திருத்தமல்ல, பொய்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் எடுத்தவரே பொதுவாக அதன் உரிமையாளர். பதிவு செய்தே ஆகவேண்டும் என்பதில்லை. 2012 திருத்தத்திற்குப் பின், எடுத்தவர் மறைந்து 60 ஆண்டு வரை அவ்வுரிமை நிலைக்கும். பிறர் பணம் தந்து எடுக்கச் செய்தால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து உரிமை அவரதே. திருமணப் படம் எடுக்கும் தம்பிகள் இதை மறக்கலாகாது. தம் பெயருக்கு இழுக்கு வரும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கவும் எடுத்தவர்க்கு உரிமையுண்டு.

இப்பொழுதெல்லாம் சிறிய பிரதியை மட்டுமே அனுப்புகிறோம். ஓரத்தில் பெயரிட்டால் கத்தரிக்கோலுக்கு எளிது; ஆகவே காளையின் விலாவின்மேல் மெல்லிய எழுத்தில் இடுகிறோம். கேமராவில் பதிந்த மூலக்கோப்பைத் தொடாமல் இரண்டு இடங்களில் வைத்திருக்கிறோம். நாட்காட்டிக்காரருக்கு நாம் எழுதிய மடலுடன் சென்ற சான்றும் அதுவே. அவர் வருத்தம் தெரிவித்தார். அச்சான தாள்களோ வீடுகளில் தொங்கிக்கொண்டுதான் இருந்தன.

முழுப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கண்ணாடிச் சட்டமிட்டு அத்தாயாரிடம் கொடுத்தோம். அவர் விரல் முதலில் சென்று நின்றது, மகனின் இடக்கையின் மேல்.