குதிரை செத்தால் எங்கே புதைப்பது? கீழவாஞ்சூர் கரையில் கஜா புயல் சொல்லிவிட்டுப் போன பாடம்

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்பார்கள். குதிரைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை! ஓடுகிற வரையில்தான் அதற்கு மதிப்பு. விழுந்துவிட்டால், "இதை எப்படி அப்புறப்படுத்துவது?" என்கிற கவலைதான் மிச்சம்.

இந்தக் கவலை என்னவென்று காரைக்கால் கடற்கரை மக்களுக்கு நன்றாகத் தெரியும்.

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. வீடுகள் போயின. தென்னைகள் சாய்ந்தன. கோடியக்கரை சரணாலயத்தில் கடல் உள்ளே புகுந்தது. அங்கே மான்களோடு மான்களாக மட்டக் குதிரைகளும் காட்டில் திரிவது பலருக்குத் தெரியும். ஒரு காலத்தில் மனிதர்கள் வளர்த்து, பிறகு கைவிட்ட குதிரைகளின் வாரிசுகள் அவை. கேட்பாரில்லாமல் தாமாகவே பெருகியவை.

புயல் ஓய்ந்தபின் காரைக்கால் கடற்கரைக்குப் போனவர்கள் திடுக்கிட்டார்கள். மான்களும் மாடுகளும் குதிரைகளும் செத்து, வீங்கி, அலையோடு கரை ஒதுங்கிக் கிடந்தன! சுமார் 60 கிலோ மீட்டர் தெற்கே இருந்த உயிர்களைக் கடல் இழுத்து வந்து போட்டிருந்தது.

சங்க காலத்தில் காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியாகக் குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அதே கடல் வழியாக இந்த முறை வந்தவை பிணங்கள். அவற்றைக் குழி வெட்டிப் புதைத்தார்கள்.

எல்லைச் சிக்கல்

காரைக்கால் மாவட்டத்தின் தெற்கு ஓரம் கீழவாஞ்சூர். ஒரு பக்கம் கடலும் துறைமுகமும். இன்னொரு பக்கம் நாலு எட்டு வைத்தால் நாகூர்.

இந்தப் பக்கம் விழுந்தால் புதுச்சேரி அரசு, திருமலைராயன்பட்டினம் கொம்யூன் பஞ்சாயத்து. அந்தப் பக்கம் விழுந்தால் தமிழ்நாடு அரசு, நாகப்பட்டினம் நகராட்சி. குதிரைக்கு எல்லைக்கல் தெரியுமா? ஆனால், செத்த குதிரையை எடுக்க வேண்டிய மனிதருக்கு அது தெரிந்தே ஆகவேண்டும். எந்த எல்லைக்குள் விழுந்ததோ அந்த ஊர் கால்நடை டாக்டருக்கும் உள்ளாட்சிக்கும்தான் முதல் தகவல் போகவேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்சுக்குத் தகவல் போய்விடும்.

"இப்போது குதிரை எங்கேய்யா இருக்கு?" என்று கேட்கலாம். ஜட்கா வண்டிகள் போய்விட்டன, உண்மைதான். ஆனால், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை வேண்டும். கடற்கரையில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றக் குதிரை வேண்டும். காணும் பொங்கல் அன்று திருக்கடையூர் பக்கம் நடக்கும் எல்கைப் பந்தயத்தில் குதிரை வண்டிகள் பறப்பதைப் பார்க்க ரோட்டின் இருபுறமும் கூட்டம் நெரிகிறது. அந்தக் குதிரைகளும் ஒருநாள் சாகத்தானே வேண்டும்?

எரிக்க முடியாதா?

"நம்ம பிள்ளை மாதிரி வளர்த்தோம், எரித்துச் சாம்பலைக் கடலில் கரைக்கிறோம்" என்று சிலர் ஆசைப்படுவார்கள். ஆசை நியாயமானது. ஆனால், கணக்கைப் பாருங்கள். மனித உடலை எரிக்கவே 400 கிலோவுக்குக் குறையாமல் விறகு பிடிக்கிறது. நல்ல குதிரையின் எடையே 400 கிலோ. அதாவது ஆறேழு ஆட்களின் எடை. விறகு டன் கணக்கில் வேண்டும். பாதி வெந்து பாதி நின்றுவிட்டால் அது மரியாதையா?

பெரிய நகரங்களில் நாய், பூனைகளுக்கு எரிமேடை வந்திருக்கிறது. குதிரை அதற்குள் நுழையாது. இங்கிலாந்தில் குதிரைகளுக்கென்றே தனி எரியூட்டு நிலையங்கள் இருக்கின்றன. சாம்பலைப் பெட்டியில் போட்டுச் சொந்தக்காரரிடம் கொடுக்கிறார்கள். நம் ஊரில் முறையாகப் புதைப்பதுதான் வழி. அதில் குறை ஒன்றும் இல்லை.

செஞ்சி தேசிங்கு ராஜா 1714-ல் ஆற்காட்டு நவாபோடு சண்டையிட்டு மாண்டார். அவருடைய தோழர் மோவத்கானின் சமாதி நீலாம்பூண்டியில் இருக்கிறது. குதிரையும் அங்கேதான் அடக்கம் என்று அந்தப் பக்கத்து மக்கள் இன்றும் சொல்கிறார்கள்.

புதுச்சேரி மணக்குள விநாயகர் கோவில் யானை லட்சுமி 2022 நவம்பர் 30-ந்தேதி நடைப்பயிற்சியின்போது சுருண்டு விழுந்து இறந்தது. ஊரே திரண்டு அழுதது. லட்சுமியும் மண்ணுக்குள்தான் போனாள். டேராடூனில் காலில் அடிபட்டு 2016 ஏப்ரல் 20-ந்தேதி இறந்த போலீஸ் குதிரை சக்திமானுக்குப் போலீசார் மரியாதை செலுத்தினார்கள்.

கத்தி வைக்காதே!

குதிரை இறந்தவுடன் செய்யவேண்டிய முதல் காரியம் டாக்டரைக் கூப்பிடுவது. செய்யக்கூடாத முதல் காரியம் கத்தி வைப்பது.

மூக்கு, வாய், ஆசனவாய் வழியே கறுத்த ரத்தம் உறையாமல் வடிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். ஆந்த்ராக்ஸ் என்பதும் இதுதான். உடலைக் கிழித்தால் கிருமி காற்றுபட்டு வித்தாக மாறி, பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். அந்தச் சந்தேகம் இருந்தால் டாக்டர்களே அறுத்துப் பார்க்கமாட்டார்கள்.

மூக்கில் சீழ், உடம்பில் கட்டி என்றால் கிளாண்டர்ஸ் என்ற நோயாக இருக்கலாம். இது மனிதனையும் தொற்றும். ரத்தப் பரிசோதனைக்கு அரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இந்த நோய்களை மறைக்கக்கூடாது. கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் 2009-ல் வந்தது. நோயில் செத்தது என்று தெரிந்தும் உடலை ஆற்றிலோ, ஏரியிலோ, வாய்க்காலிலோ தள்ளினால் அது குற்றம்.

இன்சூரன்ஸ் போட்டிருந்தால் புதைக்கும் முன்பே கம்பெனிக்குச் சொல்லவேண்டும். டாக்டர் சான்றிதழும் போட்டோவும் இல்லாமல் புதைத்துவிட்டு, "பணம் வரலையே" என்று அலைவதில் பயன் இல்லை. கடன் வாங்கிக் குதிரை வாங்கியவருக்கு அந்தப் பணம்தான் அடுத்த குதிரை.

குழி எப்படி?

வெயிலில் சில மணி நேரத்திலேயே வயிறு உப்பிவிடும். கால்கள் விறைத்துக் கொள்ளும். விறைக்கும் முன் கால்களை மடக்கிவிட்டால் குழியின் அகலம் குறையும்.

முழு வளர்ச்சி அடைந்த குதிரைக்கு 7 அடி அகலமும் 8, 9 அடி ஆழமும் வேண்டும். உடலுக்கு மேல் குறைந்தது 3 அடி மண் நிற்கவேண்டும். மண்வெட்டியால் ஆகிற வேலை இல்லை. ஜே.சி.பி. எந்திரம் ஒன்று வந்தால் நிமிடங்களில் முடியும்.

கீழவாஞ்சூர் மாதிரி கடலோர ஊரில் தொல்லையே இங்கேதான். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும்! தண்ணீருக்குள் புதைத்தால் அழுகல் நிலத்தடி நீரில் கலந்து அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்குப் போகும். மணல் மேட்டில் மேலாகப் புதைத்தால் நாய் தோண்டும்; பெரிய அலை வந்தால் கடலே தோண்டும். ஆகவே கடல் ஏறாத, மழைநீர் தேங்காத மேட்டு நிலம் வேண்டும். கிணறு, குளம், வாய்க்கால் மூன்றும் தள்ளி இருக்கவேண்டும். சுண்ணாம்பு தூவி, மண்ணைத் தரைக்கு மேல் குவித்து, முள் போட்டு மூடவேண்டும். மண் பிறகு இறங்கும்.

கால் முறிந்து, பிழைக்க வழியில்லை என்று டாக்டர் ஊசி போட்டு முடித்த குதிரை என்றால் இன்னும் ஜாக்கிரதை. அந்த மருந்து உடலிலேயே தங்கும். அதைத் தின்னும் நாயும் பறவையும் சாகும். உடனே, ஆழமாகப் புதைக்கவேண்டும்.

ஜோடிக் குதிரை

லாயத்தில் விரித்த வைக்கோலை எரித்து, தரையைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, வெயில் காயவிடவேண்டும். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யவேண்டும்.

கூட இருந்த ஜோடிக் குதிரையையும் கவனிக்கவேண்டும். துணை போன பிறகு சில குதிரைகள் கனைத்துக்கொண்டே தேடும்; தீனி எடுக்காது. தொற்றுநோய் இல்லை என்று டாக்டர் சொன்னால், உடலைக் கொஞ்ச நேரம் அது மோந்து பார்க்க விடலாம். இரண்டு நாளாகியும் தின்னவில்லை என்றால் டாக்டரிடம் காட்டவேண்டும்.

குதிரைக்காரரும் மனிதர்தான். பத்து வருடம் தனக்குச் சோறு போட்ட ஜீவனை ஜே.சி.பி. கரண்டி தூக்கிப் போடும்போது அவர் மனம் என்ன பாடுபடும்? தார்ப்பாயில் கிடத்தி, கயிறு கட்டி மெதுவாக இறக்கலாம். ஒரு மாலை, ஒரு சூடம், ஒரு பிடி மண். இதற்குச் செலவு அதிகமில்லை.

செலவு பிடிக்கும் விஷயம் இடம் ஒன்றுதான். குதிரை விழுந்த பிறகு இடம் தேடினால் நேரம் போகும், உடல் நாறும், கடைசியில் கடற்கரையில் தள்ளத் தோன்றும். குதிரை வளர்ப்பவர்கள் அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பஞ்சாயத்தில் கேட்டு ஒரு மேட்டு நிலத்தைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. 2018-ல் கரை ஒதுங்கிய குதிரைகளுக்குச் சொந்தக்காரர் இல்லை. லாயத்தில் நிற்கும் குதிரைக்கு ஒருவர் இருக்கிறாரே!