பாயிரமும் கணிப்பொறியும்

குறுவைக்கும் சம்பாவுக்கும் விதைநெல் எடுத்துவைக்கும் தஞ்சை உழவர், மூட்டைக்கு மூட்டை நெல்லின் பெயரைக் குறித்துவைப்பர். பெயர் அழிந்த மூட்டையில் இருப்பதும் நெல்லே. ஆயினும், அதை எப்பட்டத்தில் விதைப்பது, எத்தனை நாளில் அறுப்பது என அறிய வழியில்லை. எழுத்தின் நிலையும் இதுவே. எழுதியவர் யார், எழுதிய காலம் எது என்னும் விவரங்கள் உடன் செல்லாவிடின், நல்ல கட்டுரையும் பெயரிலி ஆகிவிடும்.

இதனை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். ஆசிரியர் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, கூறும் பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டினையும் சிறப்புப் பாயிரம் உணர்த்த வேண்டும் என்பது பவணந்தி முனிவர் வகுத்த நன்னூல் விதி. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உளர். 1995இல் அமெரிக்காவின் டப்ளின் நகரில் கூடிய அறிஞர்களின் முயற்சியால் உருவாகிய ‘டப்ளின் கோர்’ என்னும் முறை, பதினைந்து விவரங்களைக் கேட்கிறது. கணிப்பொறியாளர் ‘மெட்டாடேட்டா’ என்று கூறும் இதனை நாம் விவரக்குறிப்பு எனலாம்.

எழுதுவதற்குரிய மென்பொருள்கள் தலைப்பு, ஆசிரியர் போன்ற சில புலங்களையே இயல்பாகத் தருகின்றன. நம் தேவைக்கு அவை போதா. அரபுத்தமிழ்ச் சுவடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மொழி தமிழ், எழுத்தோ அரபு. ‘மொழி’ என்னும் ஒரே புலத்தில் ‘அரபு’ என எழுதினால் தமிழாய்வாளர் தேடுகையில் அது அகப்படாது. ‘தமிழ்’ என்று மட்டும் எழுதினால் அதைப் படிக்க அரபெழுத்துப் பயிற்சி வேண்டும் என்பது மறைந்துபோகும். எனவே ‘எழுத்து’ எனத் தனிப்புலம் ஒன்று வேண்டும். ஆண்டும் அவ்வாறே. தமிழாண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் வரும். ஹிஜ்ரி ஆண்டோ பிறைக் கணக்கில் அமைந்தது. ஆதலின் மூலத்தில் உள்ள ஆண்டு ஒரு புலத்திலும், அதற்கு இணையான ஆங்கில ஆண்டு மற்றொரு புலத்திலும் இடம்பெறுதல் நன்று.

இவ்வாறு நாமே புலம் அமைக்க ‘ஸ்கிரிவ்னர்’ போன்ற மென்பொருள்கள் இடந்தருகின்றன. அதன் திட்ட அமைப்புப் பகுதியில் புலத்திற்குப் பெயரிட்டு, அது உரையா, தேதியா, பட்டியலா என வகைப்படுத்தலாம். எழுத்தின் பெயர் போன்றவற்றிற்குப் பட்டியலே ஏற்றது. ஒருவர் ‘அரபு’ என்றும் மற்றவர் ‘அரபி’ என்றும் எழுதும் குழப்பம் அதனால் நீங்கும்.

புலத்தை நிரப்பியதோடு பணி முடிந்தது என எண்ணுதல் பிழை. ஏற்றுமதி வடிவமைப்பில் அப்புலத்தையும் சேர்த்தாலன்றி, விவரம் எழுதியவரின் கணிப்பொறியிலேயே தங்கிவிடும். கட்டுரை மட்டும் வெளியேறும். ஆதலின் முதலில் ஒரே ஒரு கட்டுரையை ஏற்றுமதி செய்து, வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்த்தல் வேண்டும்.

தஞ்சை சரசுவதி மகாலின் வடமொழிச் சுவடிகளுக்குப் பர்னெல் தொகுத்த அட்டவணை 1880இல் அச்சேறியது. சுவடிகள் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்தவை. எனினும், அங்கு இன்னின்ன உள்ளன என வெளியுலகு அறிய அவ்வட்டவணை வழிசெய்தது. பிறருக்கு நாம் எழுதி வைப்பவற்றிற்கு அத்தகைய பணியை நாமே இன்று செய்துவிடலாம். மாணவச் செல்வங்களே, கட்டுரையை முடித்தபின் அதன் பாயிரத்தையும் நிரப்புங்கள். நாளை அதைத் தேடுவோருக்கு அதுவே வழிகாட்டி.