பெயரிலியும் பதியாதவரும்: வங்காள விக்கிப்பீடியாவை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

1. 2004 சனவரியில் தோன்றிய வங்காள விக்கிப்பீடியாவின் பத்தாண்டு நிறைவு விழா, 2015 சனவரியில் கொல்கத்தாவின் யாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. பலர் கூடி எழுதும் இக்கலைக்களஞ்சியத்தில் பயனர் கணக்கைப் பதிவு செய்தும் எழுதலாம், பதியாமலும் எழுதலாம். பதியாது எழுதுவோரை வங்காளத்தில் 'பேனாமி' எனக் குறிப்பர். இச்சொல்லைத் தமிழாக்குவதில் நேரும் இடர்ப்பாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பாரசீக மொழியில் 'பே' இன்மையையும் 'நாம்' பெயரையும் சுட்டும். வங்காளத்தில் கையொப்பமில்லாக் கடிதமும் 'பேனாமி' எனப்படும். தமிழில் வழங்கும் 'பினாமி'யோ, 1988ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தவாறு, ஒருவர் பொருளை மற்றொருவர் பெயரில் வைத்தலைக் குறிக்கிறது. ஆகவே 'பினாமிப் பயனர்' என்று பெயர்த்தால், ஒருவரே வேறு பெயர்களில் மறைவாக நடத்தும் கைப்பாவைக் கணக்குகளே நினைவுக்கு வரும். வேர் ஒன்றாயினும் பொருள் வேறு.

3. 'பெயரிலி' என்பதும் முற்றிலும் பொருந்துவதன்று. தாகூர் இளமையில் பானுசிங்கர் என்னும் புனைபெயரில் பாடல்கள் எழுதினார். அவை 1884இல் நூலாயின. விக்கியில் புனைபெயரில் கணக்குப் பதிபவர் நிலையும் இத்தகையதே. அவர்தம் இயற்பெயர் வெளிப்படுவதில்லை. ஆனால் எழுதியன அனைத்தும் ஒரு பெயரின்கீழ்த் தொகுகின்றன. பதியாதவர்க்கோ நீண்ட காலம் கணினியின் இணைய முகவரி எண்ணே வரலாற்றுப் பக்கத்தில் வெளிப்படையாகப் பதிவாயிற்று. அவ்வெண்ணைக் கொண்டு அவர்தம் ஊரையும் இணைப்பு வழங்கும் நிறுவனத்தையும் பெரும்பாலும் உய்த்துணர இயலும். பெயரை மறைத்தவர் பெயர் பூண்டவரினும் மிகுதியாக வெளிப்பட்டார் என்பது இதன் முரண்.

4. இக்குறையைக் களைய, 2024 முதல் விக்கிகளில் படிப்படியாகத் தற்காலிகக் கணக்குமுறை கொண்டுவரப்பட்டது. இதன்படி பதியாதவர்க்கு அமைப்பே ஒரு குறிபெயரை இடுகிறது; அது 90 நாள்களுக்கு மேல் நீடிப்பதில்லை. குறுந்தொகைப் புலவர் ஒருவர்க்கு இயற்பெயர் தெரியாமையால், பாட்டில் அமைந்த தொடரைக் கொண்டே செம்புலப் பெயல்நீரார் எனப் பெயரிட்ட தொகுப்பு மரபு ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. ஆயின் புலவர்க்கு இட்ட பெயர் நிலைத்தது, இக்குறிபெயரோ மாறிவிடும்.

5. மொழிபெயர்ப்பாளர்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. விக்கியின் உரிம விதி, பங்களித்தோரைச் சுட்டுமாறு பணிக்கிறது. பதியாது மொழிபெயர்ப்பவரின் உழைப்பு பல குறிகளுக்கிடையே சிதறுகிறது. கலைச்சொல்லைத் தேர்ந்த காரணத்தைப் பின்னர் அவரிடம் வினவ வழியில்லை. எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்துவோர்க்கு இவை பொருட்டல்ல. எனவே 'பினாமி', 'பெயரிலி' என்பவற்றினும் 'பதியாதவர்' என்பதே பொருந்தும் சொல்லாகும். அங்கு இல்லாதது பெயரன்று, பதிவே.