பழைய ஜீப் வாங்கும்போது

மாரியில் எங்கள் ஒழுங்கை சேறாகிவிடும். பால் சேகரித்து விற்கும் எனக்கு நாலு சில்லும் இழுக்கும் வாகனம் தேவைப்பட்டது. 2020 இல் இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய வாகனங்களும் விலையேறியிருந்தன. கையில் இருந்தது நகை விற்ற காசு.

பெயின்ற் மினுக்கத்தை நான் பார்க்கவில்லை. தெரிந்த மெக்கானிக்குடன் போய், அடிப்பகுதியில் கறள், ஒயில் கசிவு, ஒட்டுவேலை உண்டா என்று பார்த்தேன். சேற்று நிலத்தில் ஓட்டி, முன்சில்லுகளும் இழுக்கின்றனவா என்று சோதித்தோம். எப்போதும் நாலு சில்லும் இழுக்கும் வகையானால் நான்கு ரயர்களும் ஒரே அளவாக இருக்கவேண்டும். இல்லையேல் கியர்ப் பகுதி பழுதாகும். எங்கள் ஊர்க் கராஜிலேயே திருத்தக்கூடிய சுசுகி ஜிம்னியைத் தெரிவுசெய்தேன்.

சகோதரிகளே, பதிவுப் புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான கடிதத்தைக் கேளுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினாலும் அதைக் காணாமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.